ஸ்கேனர் படிக்கவில்லையா? ஊர் அங்காடிக்கு ஒரு பாடம்

தராசு பிடித்துப் பழகியவர்கள் பொருளை நிறுப்பதற்கு முன்பு வெறுந்தட்டுகள் இரண்டையும் தூக்கிப் பார்ப்பது நம் கிராமங்களின் வழக்கம். முள் நடுவில் நிற்கவில்லையெனில், தராசு கெட்டுவிட்டது என்று அவர்கள் உடனே தூக்கி எறிந்துவிடுவதில்லை. தட்டின் அடியில் புளியோ வெல்லமோ ஒட்டியிருக்கிறதா, சங்கிலி முறுக்கிக்கொண்டிருக்கிறதா, கொக்கி இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பெரும்பாலும் குறை அங்கேயே அகப்பட்டுவிடும். இந்தப் பழைய பழக்கத்தை ஒரு புதிய கருவியின் விஷயத்திலும் கைக்கொள்ளவேண்டும் என்று எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டுறவு அங்காடிகளிலும், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புகள் நடத்தும் விற்பனை நிலையங்களிலும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கடைகளிலும் இன்று கைப்பிடி ஸ்கேனர் என்னும் சிறு கருவி இடம்பெற்று வருகிறது. 'பார்கோடு' எனப்படும் பட்டைக் குறியீட்டைப் படித்து, கணிப்பொறிக்குத் தெரிவிப்பது இதன் வேலை. விற்பனையை விரைவுபடுத்தவும், இருப்புக் கணக்கைச் சரியாக வைக்கவும் இது பெரிதும் உதவுகிறது. ஆயினும் நாம் சுற்றுப்பயணம் செல்லும் ஊர்களில், 'ஸ்கேனர் கெட்டுப்போய்விட்டது, வேறு வாங்கவேண்டும்' என்ற கோரிக்கை அடிக்கடி நம் காதில் விழுகிறது. கருவியை வாங்கிப் பார்த்தால், பல சமயங்களில் அதில் பழுதே இராது. கண்ணாடியில் மாவு படிந்திருக்கும். அல்லது வடம் தளர்ந்திருக்கும். அல்லது குறியீடே தவறாக அச்சிடப்பட்டிருக்கும்.

இது சில நூறு ரூபாய்ச் செலவைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. கருவி தவறாகப் பதிந்தால் கணக்கு தவறும். கணக்கு தவறினால் கடையில் நிற்கும் பணியாளர்மீது பழி விழும். அவ்வாறு விழுந்த பழியொன்றை நாமே கண்டோம். அதனை இக்கட்டுரையின் பிற்பகுதியில் கூறுவோம்.

பட்டைகளில் அடங்கியிருப்பது யாது?

பொட்டலத்தின்மீது காணப்படும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளுக்குள் விலை, எடை, தயாரித்த நாள் ஆகிய யாவும் ஒளிந்திருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. நம் கடைகளில் சாதாரணமாகக் காணப்படும் குறியீட்டில் 13 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் மட்டுமே உண்டு. அதே எண் பட்டைகளின் அடியில் நாம் படிக்கும் இலக்கங்களாகவும் அச்சிடப்பட்டிருக்கும். பொருளின் பெயரும் விலையும் கணிப்பொறியில் நாம் எழுதி வைத்துள்ள பட்டியலில்தான் இருக்கின்றன. வீட்டின் கதவிலக்கத்தைப் பார்த்து, வீட்டுவரிப் பதிவேட்டைப் புரட்டி, உரிமையாளர் பெயரை அறிகிறோம் அல்லவா? அதனை ஒத்ததே இதுவும். பதிவேட்டில் பெயர் தவறாக இருந்தால் அது கதவிலக்கத்தின் குற்றமாகாது. இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால், பின்னர் வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் உட்லண்ட் என்பவர், தந்திக் குறிகளின் புள்ளியையும் கோட்டையும் கடற்கரை மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தபோது இந்த எண்ணம் உதித்தது என்பர். அவரும் அவருடைய நண்பர் சில்வரும் 1952-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் இது கடைக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1974-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆம் நாள், ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரிலுள்ள கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலமே, இன்று வழங்கும் முறையில் முதன்முதலாகப் படிக்கப்பட்டு விற்கப்பட்டது.

நம் நாட்டு நிறுவனங்கள் பெறும் எண்கள் 890 என்று தொடங்கும். எண்ணை வழங்கிய அமைப்பு இந்தியாவைச் சேர்ந்தது என்பதையே இது காட்டும். பொருள் இந்தியாவில் விளைந்தது என்பதற்கு இது சான்றாகாது. புத்தகங்களில் உள்ள எண் பெரும்பாலும் 978 என்று தொடங்கும். ஒரு கடைக்குள் மட்டும் வழங்குவதற்காகத் தாமே அமைத்துக்கொள்ளும் எண்களுக்கு, 20 முதல் 29 வரையிலான தொடக்க எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

13-ஆவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கமாகும். அதனைக் கணக்கிடும் முறை எளிது. எடுத்துக்காட்டாக 200000012345 என்னும் 12 இலக்கங்களைக் கொள்வோம். இடப்புறமிருந்து 1, 3, 5, 7, 9, 11 ஆகிய இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 8 வரும். 2, 4, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 9 வரும். அதனை மூன்றால் பெருக்க 27 ஆகும். இரண்டும் சேர்ந்து 35. இதனை அடுத்த பத்தின் மடங்காகிய 40 ஆக்க 5 தேவை. ஆகவே 13-ஆவது இலக்கம் 5. முழு எண் 2000000123455. ஓர் இலக்கம் மட்டும் மாறிப்போனாலும் இந்தக் கணக்கு பொருந்தாது. கருவி அந்த எண்ணை ஏற்றுக்கொள்ளாது. அச்சகத்தில் எண்ணைத் தவறாக அமைத்துவிட்டால், எத்தனை முறை காட்டினாலும் ஸ்கேனர் மௌனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவி படிக்கும் விதம்

சாதாரணமான ஸ்கேனர் குறியீட்டின்மீது சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது. வெள்ளையிடம் அந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்புப் பட்டை அதனை விழுங்கிவிடுகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு, எந்தப் பட்டை அகலம், எது குறுகல் என்று கருவி அறிந்து, எண்ணாக மாற்றுகிறது. படித்து முடித்ததும் 'பீப்' என ஒலி எழுப்பும்.

பட்டைகளை மட்டும் படிக்கும் கருவிகள் ஒருவகை. சிறு ஒளிப்படக் கருவியைப்போல் படம் பிடித்துப் படிப்பவை மற்றொரு வகை. 1994-ஆம் ஆண்டில் ஜப்பானில் உருவாக்கப்பட்ட கியூ.ஆர். குறியீடு சதுரக் கட்டங்களால் ஆனது. நம் மாநிலத்தில் 2017-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் ஸ்மார்ட் குடும்ப அட்டையில் காண்பது அவ்வகையே. முதல்வகை ஸ்கேனர் கியூ.ஆர். குறியீட்டை ஒருபோதும் படிக்காது. அது பழுதன்று, அக்கருவியின் இயல்பு. வாங்கும்போதே எதற்காக வாங்குகிறோம் என்று தெளிந்து வாங்குவது நலம்.

முதற்சோதனை

நன்கு அச்சிடப்பட்ட சோப்புப் பெட்டி ஒன்றையோ, பிஸ்கட் பொட்டலத்தின் உறை ஒன்றையோ 'சோதனைப் பொட்டலம்' என்று எழுதி மேசை இழுப்பறையில் எப்போதும் வைத்திருக்கவேண்டும். ஏதேனும் ஒரு பொருளைக் கருவி படிக்காதபோது, முதலில் இந்தப் பொட்டலத்தைக் காட்டிப் பார்க்கவேண்டும். இதனைப் படித்துவிட்டால் கருவி நலமாக உள்ளது. குறை அந்தப் பொருளின் குறியீட்டில் உள்ளது. இதனையும் படிக்கவில்லையெனில் குறை கருவியிலோ, வடத்திலோ, கணிப்பொறியிலோ உள்ளது. அரை நிமிடத்தில் முடியும் இச்சோதனை, அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அதன்பின் கீழ்க்காணும் வரிசையில் பார்த்துவரவேண்டும். வரிசையை மாற்றலாகாது, ஒரே சமயத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யவும் கூடாது. அவ்வாறு செய்தால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமற் போய்விடும்.

1. விசையை அழுத்தியும் ஒளி வரவில்லை

கருவிக்கு மின்சாரம் செல்லவில்லை என்பது இதன் பொருள். வடத்தின் இரு முனைகளையும் பார்க்கவேண்டும். கணிப்பொறியில் செருகும் யூ.எஸ்.பி. முனையைக் கழற்றி, வேறொரு துளையில் செருகிப் பார்க்கலாம். பல கருவிகளை ஒரே துளையில் இணைக்கும் பெட்டி வழியாகச் செருகியிருந்தால், அதனை நீக்கி நேராகக் கணிப்பொறியில் செருகவேண்டும். கைப்பிடியின் அடியில் வடம் நுழையும் இடத்தையும் மறத்தலாகாது. கருவியைத் தூக்கித் தூக்கி வைப்பதால் அங்கே பிடிப்புத் தளர்வது உண்டு. 'கிளிக்' என்ற ஓசை கேட்கும்வரை உள்ளே தள்ளவேண்டும். எலி கடித்த வடமாயின், வடத்தை மட்டும் மாற்றினால் போதும். பல கருவிகளில் வடம் தனியே கழற்றக்கூடியதாகவே அமைந்துள்ளது.

வடமில்லாத கருவியாயின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். இரவில் அதன் தாங்கியில் வைத்து மின்னேற்றம் செய்தும் பயனில்லையெனில், தாங்கியிலுள்ள உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கவேண்டும். அங்கே தூசி படிந்திருந்தால் இரவு முழுவதும் வைத்தாலும் மின்சாரம் ஏறாது.

2. ஒளி வருகிறது, ஒலி வரவில்லை

கருவி பார்க்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை. முதலில் முகப்புக் கண்ணாடியைக் கவனிக்கவேண்டும். மாவும் எண்ணெயும் விற்கும் கடைகளில் இக்கண்ணாடி இரண்டு நாட்களில் மங்கிவிடும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியைச் சிறிது நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மெதுவாகத் துடைக்கவேண்டும். முந்தானையாலும், மேல்துண்டாலும், சாக்குத் துணியாலும் துடைப்பது தவறு. அவற்றிலுள்ள மணல் கண்ணாடியைக் கீறிவிடும். மண்ணெண்ணெயை உபயோகிக்கலாகாது. நீரைக் கருவியின்மீது ஊற்றுதலும் கூடாது.

அடுத்து, பிடிக்கும் முறை. மிக நெருக்கமாகப் பிடித்தாலும் மிகத் தொலைவில் பிடித்தாலும் படிக்காது. ஒரு சாண் தூரத்தில் தொடங்கி, மெல்ல அருகில் கொண்டுவந்து பார்க்கவேண்டும். ஒளிக்கோடு எல்லாப் பட்டைகளையும் கடந்து, இரு பக்கத்து வெள்ளையிடத்தையும் தொடவேண்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறையாயின், நேர்செங்குத்தாகப் பிடித்தால் ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் கூசும். கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். சுருங்கிய உறையை விரலால் நீவி விடவேண்டும். வாயிலருகே நேர் வெயில் விழும் இடத்தில் மேசை இருந்தால், வெயிலின் ஒளியில் கருவியின் ஒளி எடுபடாது. மேசையை உட்புறமாகத் திருப்பிப் போட்டால் போதும்.

லேசர் ஒளியை எவர் கண்ணிலும் பாய்ச்சலாகாது. குழந்தைகள் விளையாடக் கொடுப்பதும் தகாது.

3. ஒலி வருகிறது, திரையில் எண் வரவில்லை

ஸ்கேனர் பெரும்பாலும் ஒரு தட்டச்சரைப் போலவே வேலை செய்கிறது. குறியீட்டைப் படித்து, அந்த எண்ணை விசைப்பலகையில் தட்டியதுபோல் கணிப்பொறிக்கு அனுப்பிவிடுகிறது. எந்த இடத்தில் எழுதுவது என்பதை அது அறியாது. திரையில் மின்னும் எழுத்துக்குறி எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் எண் விழும். ஆதலால் முதலில் உரிய கட்டத்தின்மீது சுட்டியால் ஒருமுறை அழுத்தவேண்டும். இந்தக் கோளாறுக்கு இதுவே மிகுதியான காரணம்.

அதன்பின்னும் வரவில்லையெனில், நோட்பேடு என்னும் வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அதில் படித்துப் பார்க்கவேண்டும். அங்கே எண் விழுந்தால் ஸ்கேனரும் வடமும் சரியே. விற்பனைக் கணக்கு மென்பொருளில்தான் குறை. அதனை அமைத்துக் கொடுத்தவரை அணுகவேண்டும். அங்கும் விழவில்லையெனில், வடத்தை ஒருமுறை கழற்றிச் செருகி, கணிப்பொறியையும் நிறுத்தித் தொடங்கவேண்டும். புளூடூத் வகையாயின் இணைப்பு அறுந்திருக்கலாம். சுவரையும் இரும்பு அலமாரியையும் தாண்டி நின்று படித்தால் இணைப்பு தளர்வது இயல்பு. கணிப்பொறியின் அருகில் வந்து மீண்டும் இணைக்கவேண்டும்.

4. எண் வருகிறது, ஆனால் தவறாக வருகிறது

இதில் பல வகைகள் உண்டு. எழுத்துகள் கலந்த குறியீட்டைப் படிக்கும்போது தமிழ் எழுத்துகளாக விழுந்தால், கணிப்பொறியின் விசைப்பலகை தமிழுக்கு மாற்றப்பட்டுள்ளது என்று அறிக. ஆங்கிலத்திற்கு மாற்றியதும் சரியாகிவிடும். கடிதம் எழுதிவிட்டு விற்பனைக்கு வரும் பணியாளர் இதனை அடிக்கடி மறந்துவிடுகிறார். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறி விழுந்தால், பெரிய எழுத்துப் பூட்டு விசை அழுத்தப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு முறையும் 'என்டர்' விசையைக் கையால் அழுத்தவேண்டியிருந்தால், அல்லது எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே வரிசையாக நீண்டால், கருவியின் அமைப்பிலிருந்து 'என்டர்' விடுபட்டுள்ளது. கருவியுடன் வந்த கையேட்டில் அதற்கென அச்சிடப்பட்டுள்ள குறியீட்டை ஒருமுறை படித்தால் சரியாகும்.

எக்செல் அட்டவணையில் கணக்கு வைப்போர், 13 இலக்க எண் உருமாறி, புள்ளியும் கூட்டல் குறியும் கொண்ட சுருக்க வடிவில் நிற்பதைக் கண்டிருப்பார்கள். சுழியில் தொடங்கும் எண்ணின் முதற்சுழி மறைந்துபோவதும் உண்டு. அந்தப் பத்தியை முன்கூட்டியே 'எழுத்து' என்னும் வகைக்கு மாற்றி வைத்தால் இவ்விரண்டும் நேரா.

ஒரே பொருள் இருமுறை பதிவதும் உண்டு. விசையை அழுத்தியபடியே பொட்டலத்தைத் திருப்பும்போது இது நிகழ்கிறது. ஒரு பொருள், ஓர் அழுத்தம், ஓர் ஒலி என்று கைப்பழக்கம் கொள்ளவேண்டும். பட்டியலை அச்சிடுமுன், பையிலுள்ள பொருள்களின் எண்ணிக்கையும் திரையிலுள்ள எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்த்துவிட வேண்டும்.

5. எண் சரி, பொருள் தவறு

கருவி எண்ணைச் சரியாகவே படிக்கிறது. ஆனால் திரையில் 'பொருள் இல்லை' என்று வருகிறது; அல்லது வேறு பொருளின் பெயரோ பழைய விலையோ வருகிறது. இங்கே ஸ்கேனரைக் குறைகூற யாதொரு காரணமும் இல்லை. கதவிலக்கம் சரி, பதிவேடு தவறு. புதிய சரக்கு வந்த அன்றே எண், பெயர், எடை, விலை ஆகியவற்றைப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். சேர்த்தவர் ஒருவரும், சரிபார்த்தவர் வேறொருவருமாக இருப்பது நன்று.

நாமே குறியீடு ஒட்டும்போது

உழவர்களும் மகளிர் குழுவினரும் தம் விளைபொருள்களைப் பொட்டலமிட்டு விற்கும் இக்காலத்தில், குறியீட்டை நாமே அச்சிட்டு ஒட்டவேண்டியிருக்கிறது. அப்போது கவனிக்கவேண்டியவை இவை:

வெள்ளைத் தாளில் கறுப்புப் பட்டையே சிறந்தது. மங்கலத்திற்காகச் சிவப்பு மையில் பட்டைகளை அச்சிடும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. கருவியின் ஒளியும் சிவப்பாதலின், சிவப்புப் பட்டை அதற்கு வெள்ளையாகவே தெரியும். வெறுந்தாளைப் படிப்பது போலாகும்.

பட்டைகளின் இருபுறமும் வெற்றிடம் விடவேண்டும். நியம அளவில் குறியீடு, வெற்றிடம் உட்பட 37.29 மில்லிமீட்டர் அகலமும், எண்கள் உட்பட 25.93 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. இடப்புறம் 3.63 மில்லிமீட்டரும் வலப்புறம் 2.31 மில்லிமீட்டரும் வெறுமையாக இருத்தல் வேண்டும். அளவைச் சுருக்கினாலும் 80 சதவிகிதத்திற்குக் கீழே போகலாகாது. இடம் போதவில்லை என்று ஓரத்தை வெட்டி ஒட்டினால் கருவி படிக்காது.

எண்ணெய்ப் புட்டி போன்ற உருண்டையான கலங்களில், பட்டைகள் ஏணிப்படிகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்படி ஒட்டவேண்டும். வேலிக்கழிகளைப்போல் நிற்கும்படி ஒட்டினால், ஓரத்துப் பட்டைகள் வளைவில் மறைந்துவிடும்.

வெப்பத்தால் அச்சாகும் தாள் மலிவானதுதான். ஆனால் வெயிலிலும் எண்ணெய்ப் பசையிலும் அது விரைவில் மங்கிவிடும். நெடுநாள் இருப்பில் வைக்கும் சரக்கிற்கு மைநாடாவைக் கொண்டு அச்சிடும் முறையே ஏற்றது. அச்சிட்ட சீட்டுகளில் பட்டைகளுக்கிடையே மெல்லிய வெள்ளைக்கோடு ஓடினால், அச்சு இயந்திரத்தின் தலையில் தூசி படிந்துள்ளது என்று அறிந்து, கையேட்டில் கூறியபடி துடைக்கவேண்டும்.

மற்றொரு நிறுவனத்தின் எண்ணைப் பார்த்து நம் பொருளுக்கு இடுதல் அறவே கூடாது. வெளிச்சந்தைக்கு அனுப்பும் பொருளாயின், ஜி.எஸ்.1 இந்தியா என்னும் அமைப்பிடம் பதிவு செய்து எண் பெறவேண்டும். நம் கடைக்குள் மட்டும் விற்பதாயின், 20 முதல் 29 வரையிலான தொடக்க எண்ணைக் கொண்டு நாமே அமைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. பொருள் ஒன்றேயாயினும், எடை வேறாயின் எண்ணும் வேறாக இருக்கவேண்டும். இதனை மறந்ததால் விளைந்த தீங்கையே இனிக் கூறப்போகிறோம்.

ஓர் அங்காடியில் நாம் கண்டது

நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் மகளிர் கூட்டமைப்பு நடத்தும் அங்காடிக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். கேழ்வரகு மாவில் ஒரு கிலோப் பொட்டலம் 14 குறைவதாக இருப்புக் கணக்கு காட்டியது. பொட்டலம் 85 ரூபாய் வீதம் 1,190 ரூபாயை விற்பனைப் பெண்ணின் ஊதியத்தில் பிடிப்பதென்று தீர்மானித்து, முதல் தவணையாக 300 ரூபாயைப் பிடித்தும் விட்டார்கள். அந்தப் பெண் நம்மிடம் புகார் எதுவும் கூறவில்லை. 'நான் எடுக்கவில்லை ஐயா' என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஸ்கேனரைச் சோதித்தோம், நன்றாகவே படித்தது. பின்னர் இருப்புப் பதிவேட்டை முழுவதும் பார்த்தோம். அதுவரை எல்லோரும் குறைவாக இருந்த வரியை மட்டுமே பார்த்திருந்தனர். அதற்கு இரண்டு வரி மேலே, அரைக் கிலோப் பொட்டலத்தின் இருப்பு, கணக்கில் உள்ளதைவிடச் சரியாக 14 மிகுதியாக இருந்தது. ஒன்றில் 14 குறைவு, மற்றொன்றில் 14 மிகுதி. இரண்டு பொட்டலங்களையும் கொண்டுவரச் சொல்லி, பட்டைகளின் அடியிலிருந்த எண்களைப் படித்தோம். இரண்டிலும் ஒரே எண் இருந்தது.

அரைக் கிலோவுக்கு அமைத்த சீட்டைப் படியெடுத்து, எடையையும் விலையையும் மட்டும் திருத்திக் கிலோப் பொட்டலத்திற்கு ஒட்டியிருந்தனர். எண்ணை மாற்ற எவருக்கும் தோன்றவில்லை. ஆகவே கிலோப் பொட்டலம் விற்கப்பட்டபோதெல்லாம் கணிப்பொறி அதனை அரைக் கிலோவாகவே பதிந்து, 45 ரூபாய்க்குப் பட்டியலிட்டிருக்கிறது. பொட்டலத்திற்கு 40 ரூபாய் வீதம் கூட்டமைப்பு 560 ரூபாயை இழந்திருந்தது. பணம் எவர் கையிலும் தங்கவில்லை. வாங்கியவர்களுக்கு அது மலிவாகப் போய்ச் சேர்ந்தது.

'தொகை குறைவாக வருவது உனக்குத் தெரியவில்லையா?' என்று அப்பெண்ணைக் கேட்டோம். தொடக்கத்திலேயே இருமுறை கூறியதாகவும், 'இயந்திரம் தப்பாகச் சொல்லுமா?' என்று பதில் வந்ததால் பேசாதிருந்துவிட்டதாகவும் தெரிவித்தார். கூட்டமைப்பின் செயலாளர் அதனை மறுக்கவில்லை. அன்றே பிடித்தம் நிறுத்தப்பட்டது. 300 ரூபாய் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 560 ரூபாய் பொதுச் செலவில் எழுதப்பட்டது. புதிய எண் கொண்ட சீட்டுகளை அப்பெண்ணே உட்கார்ந்து ஒட்டினார். பணம் திரும்பிவிட்டது. அதற்கிடையில் ஊரில் பேசப்பட்ட பேச்சை எந்தப் பதிவேட்டில் சரிசெய்வது என்று நமக்குத் தெரியவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? சிலர் எல்லாக் குறைக்கும் கருவியைப் பழிக்கின்றனர். வேறு சிலர் கருவி சொல்வதே உண்மை என்று நம்பி, மனிதரைப் பழிக்கின்றனர். இரண்டும் தவறே. வரிசையாகச் சோதித்துப் பாராமல், கருவியின்மீதும் ஆளின்மீதும் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

ஊராட்சி உறுப்பினர்கள் கவனத்திற்கு

ஊரின் பொது அங்காடிகளைப் பார்வையிடும் உறுப்பினர்களும், கூட்டமைப்புகளின் பொறுப்பாளர்களும் கீழ்க்கண்டவற்றை நடைமுறைப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதாக, ஸ்கேனர் நின்றுபோனால் விற்பனை நிற்கலாகாது. பட்டைகளின் அடியிலுள்ள 13 இலக்கங்களைக் கையால் தட்டினாலும் கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும். கணிப்பொறியும் நின்றால், எண்ணையும் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பின்னர் பதிந்துவிடலாம். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவரை 'நாளை வா' என்று திருப்பி அனுப்புவது தகாது.

இரண்டாவதாக, கோளாறுக் குறிப்பேடு ஒன்று வைக்கவேண்டும். நாள், நேர்ந்த குறை, செய்த நிவர்த்தி ஆகிய மூன்றையும் எழுதிவந்தால், ஒரே குறை மீண்டும் மீண்டும் வருகிறதா என்பது புலப்படும். பழுதுபார்ப்பவரை அழைக்கும்போதும் அது உதவும்.

மூன்றாவதாக, கருவியுடன் வந்த கையேட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். அதில் தொடக்க நிலைக்குத் திருப்பும் குறியீடு ஒன்று உண்டு. எல்லா முயற்சியும் பயன்படாதபோது அதனைப் படித்தால், கருவி புதிதாக வாங்கிய நிலையை அடையும். ஆனால் அதுவரை செய்துவைத்த அமைப்புகள் யாவும் அழிந்துவிடுமாதலால், அதனை இறுதியாகவே கையாள வேண்டும். எந்தெந்த அமைப்புகள் இருந்தன என்று முன்னரே எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

நான்காவதாக, மாதம் ஒருமுறை பொருள்களை எண்ணிக் கணக்குடன் ஒப்பிடும்போது, குறைவையும் மிகுதியையும் அருகருகே இரண்டு பத்திகளில் எழுதவேண்டும். குறைவை மட்டும் எழுதும் கணக்கு பாதிக் கணக்கே. இரு பத்திகளையும் பார்த்து, குறியீட்டு எண்களையும் ஒப்பிட்டு முடிக்குமுன் எவர் ஊதியத்திலும் பிடித்தம் செய்வதில்லை என்று கூட்டமைப்புகள் தீர்மானம் செய்துகொள்வது நன்று.

இறுதியாக, கடையில் நிற்பவர் 'இது சரியாகத் தோன்றவில்லை' என்று சொன்னால், அதனைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். ஒரு நாளில் நூறு பொட்டலங்களைக் கையில் எடுப்பவர் அவர். கருவி எண்ணை மட்டுமே அறியும். கையிலுள்ள பொட்டலம் அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்பதை அவரே அறிவார்.

இக்கட்டுரையில் கூறிய ஐந்து சோதனைகளையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மேசைக்கு நேரே சுவரில் மாட்டி வைப்பது பயனுள்ளதாகும். அதனருகே சோதனைப் பொட்டலமும் மெல்லிய துணியும் இருந்தால், சாதாரணக் கோளாறுகளைக் கடையிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.